தாழ்ப்பாள் எந்தப் பெட்டியில் வரும்

சரசக்கா உள்ளே போனால் நான் வெளியே நிற்பேன். நான் உள்ளே போனால் சரசக்கா வெளியே நிற்பாள். எங்கள் வேலையில் இது எழுதிவைக்காத பங்கு. எழுதிவைத்த பங்கு, சிறுசேரிப் பக்கம் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் மாடிமாடியாகக் கழிவறை கழுவுவது.

மேலே இருக்கும் கழிவறைகள் ரொம்ப விவரமானவை. ஆள் நுழைந்தால் விளக்கு எரியும், எழுந்தால் தண்ணீர் தானாகக் கொட்டும், கையை நீட்டினால் சோப்பைக் கக்கும். அவை எங்களுக்கு இல்லை. எங்களுக்கென்று பேஸ்மென்ட்டில், ஜெனரேட்டர் அறையை ஒட்டி ஒன்று இருக்கிறது. கதவு உண்டு. தாழ்ப்பாள் இல்லை.

முன்பு இருந்தது. ஒருநாள் கழன்று விழுந்தது. மறுநாள் ஏசி மெக்கானிக் ஒருவன், கை கழுவுகிற இடம் என்று நினைத்துக் கதவைத் தள்ளிவிட்டான். உள்ளே சரசக்கா. "சாரி ஆன்ட்டி" என்றான். மரியாதை தெரிந்த பையன். ஆனால் பதற்றத்தில் கதவைச் சாத்தாமலே ஓடிவிட்டான். எதிரே வண்டி நிறுத்துகிற இடத்தில் டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் இரும்புலியூரில் சரசக்காவின் தெருக்காரன்.

அன்று தாம்பரத்துக்குத் திரும்பும் வேனில் சரசக்கா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். மேடவாக்கம் தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள்.

"ஜெரூஷா, ஒரு தாப்பா போடச் சொல்லணும்டி. வேற ஒண்ணும் வாணாம் எனக்கு."

வேறு எந்த இடமாக இருந்தாலும் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் எங்கள் கம்பெனி, நேரத்தை எப்படி மிச்சம் பிடிப்பது என்று மற்ற கம்பெனிகளுக்குக் கற்றுக்கொடுக்கிற கம்பெனி. அதனால் இங்கே எதற்கும் நேரம் இருக்காது.

சூப்பர்வைசர் அக்தர் அண்ணன் பல்லாவரத்துக்காரர். நல்ல மனிதர். நல்லவராக இருப்பதைத் தவிர அவருக்கு வேறு அதிகாரம் எதுவும் கிடையாது. சரசக்கா சொன்னதைக் கேட்டுத் தலையைச் சொறிந்தார்.

"சரசுமா, வாயால சொன்னா இங்க செல்லாது. உன் சிஸ்டத்துல ஏத்து."

"எனக்கு இன்னாண்ணே சிஸ்டம்?"

"இங்க எல்லாருக்கும் தனித்தனியா ஒரு சிஸ்டம் உண்டு. யார் யார் வேலைய எப்டி ஒழுங்கு பண்ணிக்கிறதுன்னு. பெரிய முதலாளிக்கும் உண்டு, உனக்கும் உண்டு. அந்த ஒரு விஷயத்துல மட்டும் ரெண்டு பேரும் சமம்."

அப்போது சிஸ்டம் என்பது சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. செய்ய வேண்டியது, செய்துகொண்டிருப்பது, செய்து முடித்தது என்று மூன்று பெட்டி. வேலையை மஞ்சள் சீட்டில் எழுதி முதல் பெட்டியில் ஒட்ட வேண்டும். சரசக்கா தன் கையாலேயே 'பேஸ்மென்ட் லெட்ரின் தாப்பா' என்று எழுதி ஒட்டினாள். பசை காய்ந்து சீட்டு விழுந்தபோதெல்லாம் சாப்பாட்டு டப்பாவிலிருந்து சோற்றுப் பருக்கை எடுத்துத் தடவி மறுபடி ஒட்டினாள். ஒருவழியாகக் கார்ப்பென்டர் எலியேசர் வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றார். சரசக்கா சீட்டை எடுத்து இரண்டாவது பெட்டியில் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

வியாழக்கிழமை அறிவிப்பு வந்தது. வெள்ளைப் பலகை பழையதாகிவிட்டது. எல்லோரும் புதிய கருவிக்கு மாறுகிறோம். மாறுவதற்கு முன் எல்லோரும் தங்கள் சிஸ்டத்தைப் புத்துணர்வு செய்துகொள்ள வேண்டும். அதுவரை யாரும் எந்த வேலையும் செய்யக் கூடாது. எலியேசர் ஆணியையும் சுத்தியலையும் எடுத்து வைத்துவிட்டார்.

புத்துணர்வு நாளை நடத்தியவர் வேதசிரோமணி சார். செயல்திறன் மாற்றத் தலைவர் என்பது அவர் பதவி. கையில் எப்போதும் ஒரு தண்ணீர் பாட்டில் இருக்கும். எந்த மணிக்கு எதுவரை குடிக்க வேண்டும் என்று அதில் கோடு போட்டிருக்கும். பேச்சின் நடுவே கோட்டைப் பார்ப்பார், குடிப்பார், விட்ட இடத்திலிருந்து பேசுவார்.

"நண்பர்களே, பழைய கருவியிலிருந்து புதிய கருவிக்குப் போவது வீடு மாறுவது போல. குப்பையையும் மூட்டை கட்டிக்கொண்டா போவோம்? உங்கள் வேலை ஒவ்வொன்றையும் கையில் எடுங்கள். நெஞ்சில் வையுங்கள். மூன்று கேள்வி கேளுங்கள். இது என் நோக்கமா? இது இன்றைய நானா? இது இல்லாவிட்டால் நான் யார்? போன மாற்றத்தின்போது என் வேலைகளை எல்லாம் இப்படித்தான் கேட்டேன். ஒன்றுகூடத் தேறவில்லை. அன்றிலிருந்து எனக்கு வேலையே கிடையாது. அதற்குப் பிறகுதான் எனக்கு இந்தப் பதவியே கொடுத்தார்கள்."

எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு வரிசையில் நின்று சீட்டை நெஞ்சில் வைத்தார்கள். சரசக்காவின் முறை வந்தது. சோறு காய்ந்து ஒட்டியிருந்த அந்தச் சீட்டை வேதசிரோமணி சார் இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்.

"தாழ்ப்பாள். நல்லது. இது இல்லாவிட்டால் நீங்கள் யாரும்மா?"

"கதவு தொறந்துக்கிச்சின்னா யாருன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும் சார்."

பதில் ஆழமாக இல்லை என்று அவர் நினைத்தார். சீட்டு, காகிதம் வெட்டும் மெஷினுக்குள் போனது. பழைய வேலைகளுக்கு விடைகொடுத்து கேக் வெட்டினார்கள். மெஷின் துப்பிய காகிதத் தூளையும் கேக் துணுக்குகளையும் சரசக்காதான் பெருக்கினாள்.

புதிய கருவி போனில் வந்தது. பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. மஞ்சளாக இருந்ததால் மஞ்சள் ஆப் என்றோம். அக்தர் அண்ணன் உட்கார்ந்து சரசக்காவின் போனில் ஏற்றிக் கொடுத்தார். சரசக்கா முதல் வேலையாக 'தாழ்ப்பாள் இல்லை' என்று எழுதினாள். ஆப் அதை ஏற்கவில்லை. 'தாழ்ப்பாள் இல்லை' என்பது வேலை அல்ல, புலம்பல் என்றது. 'தாழ்ப்பாள் போட வேண்டும்' என்று மாற்றினாள். அது கார்ப்பென்டரின் வேலை, உங்கள் சொந்த சிஸ்டத்தில் அடுத்தவர் வேலையை வைக்கக் கூடாது என்றது. அக்தர் அண்ணன் மேலே போய்க் கேட்டுவிட்டு வந்தார். உங்கள் கையில் இருப்பதை மட்டும் எழுதுங்கள் என்று வேதசிரோமணி சார் தாமே வாசகத்தைத் திருத்திக் கொடுத்திருந்தார்: 'தாழ்ப்பாள் இல்லாமலும் நிம்மதியாக இருக்கப் பழகுதல்.' ஆப் ஏற்றுக்கொண்டது. 'என்றாவது ஒருநாள்' என்ற பெட்டியில் அதைப் போட்டது.

அதற்குப் பிறகு தினமும் சரசக்கா பக்கெட்டைத் தூக்கும்போது போன் மணி அடிக்கும். 'சரசு, இன்று நிம்மதியாக இருக்கப் பழகினீர்களா?' ஆம் என்று அழுத்தும்வரை நிற்காது.

"இத்த விட அந்த ஏசிக்காரன் மேலுடி. ஒருவாட்டிதான் தொறந்தான்" என்றாள் சரசக்கா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தாம்பரம் மார்க்கெட்டில் அவளே ஒரு தாழ்ப்பாள் வாங்கிவிட்டாள். பித்தளைத் தாழ்ப்பாள். நாதாங்கியும் நாலு ஸ்குரூவும் சேர்த்து ஒரு பிளாஸ்டிக் பையில் இருந்தது. திங்கட்கிழமை கேட்டில் செக்யூரிட்டி ஷெர்வின் அதைப் பிடித்துவிட்டான்.

"அக்கா, உள்ள போற ஒவ்வொரு பொருளுக்கும் நம்பர் ஸ்டிக்கர் இருக்கணும்."

"தாப்பாக்கு இன்னா தம்பி நம்பரு?"

"தாப்பாக்கு ஒண்ணு, நாதாங்கிக்கு ஒண்ணு, ஸ்குரூவுக்குத் தனித்தனியா. ஆப்ல வாங்கிக்கினு வாங்க, வுட்டுர்றேன்."

"இப்பவே வாங்கிக் குடுப்பா."

"இப்ப முடியாதுக்கா. மஞ்சள் ஆப்ப மூடிட்டாங்க. அடுத்த ஆப் வருது."

தாழ்ப்பாள் கேட்டிலேயே தங்கியது. ஷெர்வின் மேசை மேல் காகிதம் பறக்காமல் இருக்க அதைப் பாரமாக வைத்துக்கொண்டான். நாங்கள் தினமும் அதைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனோம்.

மறுபடி புத்துணர்வு நாள். மறுபடி கேக். இந்த முறை நீல ஆப். இது கேள்வி கேட்காது, நம்மைக் கவனித்துக்கொண்டே இருக்கும். போன் எங்கே இருக்கிறது, எவ்வளவு நேரம் அசையாமல் நிற்கிறது என்று பார்த்து, வேலை செய்யாத நேரத்துக்குச் சிவப்புக் கோடு போடும். நானும் சரசக்காவும் ஒருவருக்கொருவர் காவல் நின்ற நேரமெல்லாம் ரத்தச் சிவப்பாக வந்தது. அக்தர் அண்ணன் பயந்துவிட்டார்.

"இப்டியே போச்சுன்னா ரெண்டு பேரையும் தூக்கிடுவாங்க. மேல உள்ளவங்க சும்மா நிக்கிற நேரத்த இன்னான்னு போடறாங்க தெரியுமா? மீட்டிங்னு போடறாங்க. நீங்களும் அத்தயே போடுங்க."

போட்டோம். சிவப்பு மறைந்தது. ஆனால் மீட்டிங் என்றால் என்ன பேசினோம், என்ன முடிவெடுத்தோம் என்று எழுதித் தர வேண்டுமாம். நான்தான் எழுதினேன். 'இடம்: பேஸ்மென்ட். கலந்துகொண்டவர்கள்: சரசு, ஜெரூஷா. சீக்கிரம் வரச் சொல்லி ஜெரூஷா கேட்டுக்கொண்டாள். வந்துவிடுவதாக சரசு தெரிவித்தாள். முடிவு: வந்தாள்.'

நீல ஆப்புக்கு எங்கள் மீட்டிங் ரொம்பப் பிடித்துவிட்டது. அந்தக் கட்டடத்தில் சொன்ன நேரத்துக்குள் முடிகிற மீட்டிங் எங்களுடையது ஒன்றுதான். எடுத்த காரியம் முடிந்தது என்று எழுத முடிகிற மீட்டிங்கும் அது ஒன்றுதான். மேலே ஒரு திரையில் எங்கள் பெயர் ஓடியது. வேதசிரோமணி சார் அதைப் பார்த்துவிட்டு, அடுத்த மீட்டிங்கில் தாமும் கலந்துகொள்வதாகச் செய்தி அனுப்பினார். அந்தச் செய்தி வந்தபோது சரசக்கா உள்ளே இருந்தாள்.

நான் கதவை மறைத்து, கைப்பிடியை இழுத்துப் பிடித்து நின்றிருந்தேன். அவர் பாட்டிலோடு படியிறங்கி வந்தார்.

"மீட்டிங் எங்கே நடக்கிறது?"

"உள்ள நடந்துகினு கீது சார்."

"நீங்கள் ஏன் வெளியே நிற்கிறீர்கள்?"

"நான் வெளிய நிக்கிறதுக்குத்தான் சார் வந்தேன்."

அவர் சிரித்துக்கொண்டே என் தோளுக்கு மேல் கையை நீட்டிக் கதவைத் தள்ளினார். ஈரத் தரையில் என் செருப்பு வழுக்கியது. கதவு ஒரு சாண் திறந்தது. "ஆள் கீது! ஆள் கீது!" என்று உள்ளே சரசக்கா கத்தினாள். நான் கைப்பிடியை முழு பலத்தோடு இழுத்துச் சாத்தினேன். வண்டிப் பக்கம் யாரோ சிரித்தார்கள்.

வேதசிரோமணி சாருக்குக் கோபமே வரவில்லை. யோசனைதான் வந்தது. "உள்ளே எத்தனை பேர்?" என்றார்.

"அக்கா மட்டும்தான் சார்."

"ஒருவர் உள்ளே காரியத்தை முடிக்கிறார். ஒருவர் வெளியே நிற்கிறார். அப்படியானால் இரண்டாவது ஆள் எதற்கு?"

"தாப்பா இல்ல சார். அதுக்குத்தான்."

"தாழ்ப்பாள் என்பது ஒரு கருவி. நான் கேட்பது நோக்கத்தை" என்றார். பாட்டிலில் கோட்டைப் பார்த்தார், குடித்தார், மேலே போய்விட்டார்.

மறுநாளிலிருந்து பேஸ்மென்ட் மீட்டிங்குக்கு ஒரு ஆள் போதும் என்று உத்தரவு. இரண்டு போன் அங்கே ஒன்றாக இருந்தால் சிவப்புக் கோடு. போனை வைத்துவிட்டுப் போனால் அதற்கு வேறொரு சிவப்பு. சரசக்கா, ஆள் இருப்பது தெரியட்டும் என்று உள்ளே இருந்து பாட்டுப் பாடிப் பார்த்தாள். டிரைவர்கள் வெளியே இருந்து "ஒன்ஸ் மோர்" என்றார்கள். அத்தோடு பாட்டு நின்றது. பிறகு தண்ணீர் குடிப்பதையும் நிறுத்தினாள்.

காலையில் வீட்டில் போனால் மறுபடி வீட்டில்தான். சாயங்காலம் வேன் மேடவாக்கம் நெரிசலில் நிற்கும்போது அவள் நெற்றியில் வேர்வை வழியும். வேகத்தடை வருவதற்கு முன்பே என் கையைப் பிடித்துக்கொள்வாள். அவள் பிடித்த இடம் அடுத்த நாளும் வலிக்கும். காய்ச்சலும் எரிச்சலும் வந்து தாம்பரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் போனாள். "நல்லா தண்ணி குடிங்க, அடக்காதீங்க. கிட்னி போயிடும்" என்று அந்தம்மா சொல்லியிருக்கிறது.

"சரிங்கம்மான்னு சொல்லிட்டு வந்தேன்டி. வேற இன்னா சொல்ல? எங்க கம்பெனில கதவுக்குத் தாப்பா கெடயாதுன்னா அது நம்புமா?"

அடுத்து ஊதா ஆப் வந்தது. அதைத் தொடங்கிவைக்கும் விழாவில் நீல ஆப்பின் கணக்குப்படி மிகச் சிறந்த ஊழியருக்குப் பரிசு. பெயரைப் படித்ததும் அரங்கமே திரும்பிப் பார்த்தது. சரசு, ஹவுஸ்கீப்பிங்.

அவளை மேடையில் ஏற்றி நிறுத்தினார்கள். நாற்காலி தரவில்லை. சிறந்த ஊழியர் உட்கார மாட்டார் என்று நினைத்திருப்பார்கள். வேதசிரோமணி சார் மைக்கைப் பிடித்தார்.

"நண்பர்களே, இவருடைய இடைவேளை நேரம் பூஜ்யம். காலையில் வந்ததிலிருந்து போகும்வரை பூஜ்யம். நான் நம்பவில்லை. கருவியில்தான் கோளாறு என்று நினைத்து இன்ஜினியர்களை வைத்துச் சோதித்தேன். கருவி சரியாக இருக்கிறது. மனிதர்தான் அதிசயம். இந்த உரைக்கு முன் நானே இரண்டு முறை எழுந்து போய்விட்டு வந்தேன், வெட்கத்தோடு சொல்கிறேன். நமக்கெல்லாம் உடம்பு என்று ஒன்று குறுக்கே நிற்கிறது. சரசு அதை வென்றுவிட்டார். அவரால் முடியும்போது மற்றவர்களால் ஏன் முடியாது? ஊதா ஆப்பில் இனி இதுதான் எல்லோருக்கும் இலக்கு. எல்லோருக்கும் என்றால், உங்கள் நிலையில் உள்ளவர்களுக்கு."

எங்கள் வரிசையைப் பார்த்துக் கையை விரித்தார். மேலே உள்ளவர்கள் எங்களுக்காக எழுந்து நின்று கைதட்டினார்கள்.

சரசக்கா ஒரு காலின் மேல் இன்னொரு காலை அழுத்திக்கொண்டு நின்றாள். உதடு வெளுத்திருந்தது. பரிசாக ஒரு கேடயம் கொடுத்தார்கள். தேக்கு மரத்தில் பித்தளை பதித்தது, கைக்குழந்தை கனம். கூடவே கோடு போட்ட ஒரு தண்ணீர் பாட்டில். அதில் முழுக்கத் தண்ணீர் நிரப்பியிருந்தார்கள்.

"உங்கள் வெற்றியின் ரகசியம் என்ன? நாலு வார்த்தை சொல்லுங்கள்."

மைக்கில் அவள் மூச்சு முதலில் கேட்டது.

"சீக்கிரம் வுட்டீங்கன்னா போய்டுவேன் சார்."

"பார்த்தீர்களா! மேடையில் நிற்கும்போதுகூட வேலைக்குப் போகத் துடிக்கிறார்!"

அரங்கம் அதிர்ந்தது. அதற்குப் பிறகு பெரிய முதலாளி அமெரிக்காவிலிருந்து திரையில் வந்து வாழ்த்தினார். பிறகு ஊதா நிறத்தில் கேக். பிறகு போட்டோ. கடைசி போட்டோவுக்கு அவள் நிற்கவில்லை. கேடயத்தைக் கட்டிப்பிடித்தபடி மேடையிலிருந்து இறங்கி ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். பேஸ்மென்ட் படியில் பாதி வழியிலேயே அவள் சேலை நனைந்துவிட்டது. ஏசிக்காரன் கதவைத் திறந்த அன்றுகூட அழாதவள், அன்று அழுதாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். ஏதோ கனமான பொருளைத் தரையில் இழுக்கும் சத்தம் கேட்டது.

ரொம்ப நேரம் கழித்து உள்ளே இருந்து குரல் வந்தது.

"ஜெரூஷா, தள்ளிப் பாருடி."

தள்ளினேன். கதவு அசையவில்லை.

"நல்லா தள்ளு."

தோளால் மோதினேன். அசையவில்லை. கேடயத்தைப் படுக்கவைத்து, கதவின் அடியில் முட்டுக் கொடுத்திருந்தாள்.

அதன் பிறகு கேடயம் அங்கேயே குடியிருந்தது. போகிற நேரத்தை ஊதா ஆப்பிலும் மீட்டிங் என்றே போட்டோம். உள்ளே போகிறவர்கள் முட்டுக் கொடுப்பார்கள், வெளியே வரும்போது சுவரோரம் சாய்த்து வைப்பார்கள். கேன்டீனில் பாத்திரம் தேய்க்கிற சித்திகாகூட அங்கே வர ஆரம்பித்தாள். சரசக்கா கோடு போட்ட பாட்டிலில் ஒரு கோடு தவறாமல் தண்ணீர் குடித்தாள். முகத்தில் சதை பிடித்தது. மேடவாக்கம் நெரிசலில் வேன் நின்றால் தூங்கவே தொடங்கினாள்.

ஆனால் ஊதா ஆப் கேட்டது: 'உங்கள் பரிசை எங்கே வைத்திருக்கிறீர்கள்? படம் அனுப்புங்கள்.' அனுப்பும்வரை அடுத்த வேலை திறக்கவில்லை. அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அக்தர் அண்ணன் கும்பிட்டுச் சொல்லியும் கேட்காமல், இருக்கிற இடத்திலேயே படம் எடுத்து அனுப்பிவிட்டாள்.

மறுநாள் வேதசிரோமணி சார் கேமராக்காரரோடு வந்தார். வேலை போய்விட்டது என்றே நினைத்தோம். அக்தர் அண்ணன் ஏதோ ஓதத் தொடங்கினார். ஆனால் வேதசிரோமணி சார் கேடயத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"இதைத்தான் இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நிறுவனத்தை எதிர்பார்க்காமல் ஒரு பெண் தன் பிரச்சினையைத் தானே தீர்த்திருக்கிறார். அக்தர், அந்தத் தாழ்ப்பாள் வேலை இன்னும் நிலுவையில் இருக்கிறதா?"

"இருக்கு சார். மஞ்சள் ஆப்லேர்ந்து அப்டியே வந்துகினு இருக்கு. இந்தக் கேடயம் இங்க இருக்கிற வரைக்கும்..."

"முடிந்தது" என்று சொல்லி, அவரே தம் விரலால் சரசக்காவின் போனில் அழுத்தினார். பச்சை நிறத்தில் டிக் விழுந்தது. ஊதா ஆப்பில் முடிந்த வேலையை மறுபடி திறக்க முடியாது. அதுதான் அதன் சிறப்பு.

பிறகு கேடயத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இவ்வளவு பெரிய சாதனை பேஸ்மென்ட்டில் கிடக்கக் கூடாதாம். வருகிறவர்கள் பார்க்கும்படி வரவேற்பறையில் வைத்து, பேஸ்மென்ட் கதவின் படத்தையும் பக்கத்தில் மாட்ட வேண்டுமாம். மத்தியானமே எலியேசர் வந்துவிட்டார். மரச்சட்டம் அடித்துக் கண்ணாடிப் பெட்டி செய்தார். பெட்டிக் கதவு காற்றில் திறந்து திறந்து ஆடியது. யாராவது கை வைத்துவிடுவார்களே என்று வேதசிரோமணி சார் கவலைப்பட்டார். ஷெர்வின் ஓடிப்போய்த் தன் மேசை மேலிருந்து அந்தப் பித்தளைத் தாழ்ப்பாளை எடுத்து வந்தான். தாழ்ப்பாளுக்கும் நாதாங்கிக்கும் நாலு ஸ்குரூவுக்கும் அங்கே நின்றபடியே நம்பர் கிடைத்தது.

தினமும் காலையில் அந்தப் பெட்டியைத் துடைப்பது சரசக்காவின் வேலை. துடைத்து முடித்ததும் தாழ்ப்பாளைப் போட்டு ஒருமுறை இழுத்துப் பார்ப்பாள். நன்றாக விழுகிறது. கதவு துளியும் அசைவதில்லை.

அவள் இப்போது மறுபடியும் தண்ணீர் குடிப்பதில்லை.